பல் மருத்துவக் கல்லூரி: பணம் கட்டுவதற்கு முன்

(பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நம் சங்கம் நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எஞ்சினியரிங் பற்றிப் பேச நம் குடியிருப்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எம்.பி.பி.எஸ். பற்றிப் பேச டாக்டர் அம்மா இருக்கிறார். பல் மருத்துவத்துக்கு நீங்கள் பேசுங்கள் சார்" என்றார் செயலாளர். நான் பல் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் கல்விக் கடன் மேஜையில் உட்கார்ந்தேன். மூன்று வருடத்துக்கு முன் என் தங்கை மகளுக்குக் கல்லூரி பார்க்க வேண்டி வந்தபோது, அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நாலைந்து கல்லூரிகள் ஏறி இறங்கினேன். அதில் தெரிந்துகொண்டதையும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளையைக் கேளுங்கள்

"எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதனால் பி.டி.எஸ்." என்றுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பிக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே நீட் தேர்வு, ஒரே தரவரிசைப் பட்டியல். ஆனால் வேலை வேறு. பல் மருத்துவம் கைத்தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் படிப்பு. முதலாம் ஆண்டிலேயே மெழுகுக் கட்டியைக் கொடுத்து, கத்தியால் பல் வடிவம் செதுக்கச் சொல்வார்கள். இரண்டாம் ஆண்டில் பொம்மைத் தலையில் பொருத்திய பல்லைக் குடைந்து அடைக்கப் பழக்குவார்கள். மூன்றாம் ஆண்டில் உண்மையான மனிதர் வாயைத் திறந்துகொண்டு எதிரில் உட்காருவார். நாள் முழுக்கக் குனிந்து, சின்ன இடத்தில், நுணுக்கமாகக் கை வேலை செய்வது உங்கள் பிள்ளைக்குப் பிடிக்குமா? கோலம் போடுவதில், மாடல் செய்வதில், பொறுமையாக ஒன்றைச் சரிசெய்வதில் ஆர்வம் உண்டா?

தெரியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. நமக்குத் தெரிந்த பல் டாக்டர் யாரிடமாவது அனுமதி கேட்டு, இரண்டு மாலை நேரம் அவருடைய கிளினிக்கில் ஓரமாக உட்காரவையுங்கள். இரண்டாம் நாள் பிள்ளை தானாகவே சொல்லிவிடும். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு முறை நீட் எழுதலாம், வேறு படிப்புக்குப் போகலாம். ஐந்து வருடத்தையும் பெரிய தொகையையும் போட்ட பிறகு அந்தப் பதில் வருவதைவிட இது நல்லது.

இடங்கள் எத்தனை வகை

பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எந்த எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஒன்று, அரசுக் கல்லூரி. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் தொடங்கியது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று இருந்தது இப்போது கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரி. புதுக்கோட்டையில் 2023-இல் இன்னொன்று திறந்தார்கள். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதை டெல்லியில் இருக்கும் எம்.சி.சி. நிரப்பும். மீதி 85 சதவீதம் நம் மாநிலத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வில் வரும்.

இரண்டு, தனியார் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரி என்றால் 65 சதவீதம், சிறுபான்மையினர் கல்லூரி என்றால் 50 சதவீதம் இடங்களை மாநிலக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்தை அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கும்.

மூன்று, அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு. இதற்கும் நீட் தகுதி வேண்டும், இதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். கட்டணம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போகலாம்.

நான்கு, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இங்கே எல்லா இடங்களையும் எம்.சி.சி.தான் நிரப்புகிறது. கட்டணம் அவர்கள் சொல்வது. நம் மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இங்கே பொருந்தாது.

அந்த 7.5 சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் வந்த சட்டம் இது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் தனி ஒதுக்கீடு உண்டு. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு இது பொருந்தாது. ஆனால் நம் கேட்டில் நிற்கும் காவலாளியின் மகளுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகனுக்கும் பொருந்தலாம். தயவுசெய்து இன்று வீட்டுக்குப் போனதும் அவர்களிடம் சொல்லுங்கள்.

எங்கே படித்தாலும் ஒன்றாக இருப்பவை

பி.டி.எஸ். எங்கே படித்தாலும் நான்கு ஆண்டு படிப்பு, ஓராண்டு கட்டாயப் பயிற்சி. பாடங்களும் நாடு முழுக்க ஒன்றுதான். முடித்தவர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால்தான் தொழில் செய்ய முடியும். அரசுக் கல்லூரியும் தனியார் இணைப்புக் கல்லூரியும் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், இரண்டிலும் ஒரே கேள்வித்தாள், ஒரே பட்டம். நிகர்நிலைக்குத் தானே தேர்வு வைத்துத் தானே பட்டம் கொடுக்கும் அதிகாரம் உண்டு. மேற்படிப்பான எம்.டி.எஸ். மூன்று ஆண்டு, ஒன்பது பிரிவுகள். அதற்கு எல்லோரும் நீட் எம்.டி.எஸ். எழுத வேண்டும். அங்கே எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தில், படிப்பு முடிவில் நாடு முழுவதற்கும் பொதுவான வெளியேறும் தேர்வுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே "இந்தக் கல்லூரிப் பட்டத்துக்கு மதிப்பு அதிகம்" என்று யாராவது சொன்னால், எந்த விதத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது

வித்தியாசம் புறநோயாளிப் பிரிவில் இருக்கிறது. நோயாளி வந்தால்தான் மாணவர் கற்க முடியும். கண்ணாடிக் கட்டடமும் வரிசையாகப் புது நாற்காலிகளும் நோயாளி இல்லாவிட்டால் காட்சிப் பொருள்தான்.

நாங்கள் பார்த்த ஒரு கல்லூரியில் முன் மண்டபம் நட்சத்திர ஓட்டல் மாதிரி இருந்தது. வரவேற்பில் குளிர்ந்த மோர் கொடுத்தார்கள். புதன்கிழமை காலை பதினொரு மணி. ஒரு பெரிய கூடத்தில் நாற்பது நாற்காலிகளுக்குக் குறையாது. ஆறில்தான் ஆள் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கல்லூரி, ஊருக்கு வெளியே, கட்டடத்துக்குச் சாயம் போய்விட்டிருந்தது. ஆனால் பதிவுச் சீட்டு வாங்க வரிசை வாசல் வரை நின்றது. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து கல்லூரியின் வண்டியே ஆட்களைக் கூட்டி வந்து இறக்கியது.

எனவே கல்லூரி பார்க்கப் போகும்போது திறந்த நாள் விழாவுக்குப் போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், காலை பத்து மணிக்கு, நோயாளி மாதிரிப் போங்கள். சீட்டு வாங்குங்கள், பெரிய தொகை இருக்காது. பல்லைக் காட்டியதாகவும் ஆயிற்று, கல்லூரியைப் பார்த்ததாகவும் ஆயிற்று. சீட்டில் அன்றைய வரிசை எண் போட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நான் மேல்வரிசைப் பல்செட் கட்டிக்கொண்டது ஒரு பல் மருத்துவக் கல்லூரியில்தான். கட்டியவர் நான்காம் ஆண்டு மாணவி. ஆறு தடவை போனேன். முதலில் ஒரு அளவு, பிறகு துல்லியமாக இன்னொரு அளவு, மெழுகு வைத்துக் கடி பார்ப்பது, மெழுகில் பல் பதித்துப் போட்டுப் பார்ப்பது, கடைசியில் பல்செட். ஒவ்வொரு படியிலும் அந்தப் பெண் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போவார். ஆசிரியர் வந்து என் வாயைப் பார்த்துவிட்டு, சரி என்றால் கையெழுத்துப் போடுவார். ஒரு நாள், "கடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, மறுபடி எடு" என்று அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு நாள் வீண். அந்தப் பெண்ணுக்கு அது பாடம். நல்ல கல்லூரியின் அடையாளம் அந்தக் கையெழுத்துதான் என்று நினைக்கிறேன். ஆசிரியர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாரா, அல்லது அறையில் உட்கார்ந்தபடியே நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள். நோயாளியாக அரை மணி உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, இறுதியாண்டு மாணவர் அல்லது பயிற்சி மருத்துவர் ஒருவரைப் பிடியுங்கள். கேண்டீன் நல்ல இடம். முதல்வர் அறையில் கிடைக்காத பதில் டீக்கடை பெஞ்சில் கிடைக்கும். கேட்க வேண்டியவை இவை:

இதுவரை எத்தனை பல் பிடுங்கியிருக்கிறீர்கள்? எத்தனை அடைத்திருக்கிறீர்கள்? ரூட் கெனால் நீங்களே செய்ய விடுகிறார்களா, பார்க்க மட்டும்தானா?

தேர்வுக்கும் வருகைப் பதிவுக்கும் காட்ட வேண்டிய நோயாளிகள் தானாக வருகிறார்களா, அல்லது நீங்களே தேடிக் கூட்டிவர வேண்டுமா? சில இடங்களில் மாணவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு ஆட்டோ வைத்து நோயாளியை அழைத்து வருகிறார்கள். அந்தச் செலவு எந்தக் கட்டணப் பட்டியலிலும் இருக்காது.

கருவிகளைக் கொதிகலத்தில் சுத்தம் செய்து, உறையை நோயாளி முன் பிரிக்கிறார்களா? இதை நீங்களே பார்க்கலாம்.

பயிற்சி ஆண்டில் உதவித்தொகை உண்டா? எவ்வளவு? சொன்னபடி கைக்கு வருகிறதா? அல்லது அந்த ஆண்டுக்கும் உங்களிடமே கட்டணம் கேட்கிறார்களா?

போன வருடம் எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் முதல் தடவையே தேறினார்கள்?

எம்.டி.எஸ். பிரிவுகள் இருக்கும் கல்லூரி நல்லதா என்றும் பலர் கேட்கிறார்கள். நல்லதுதான். அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருப்பார்கள், சிக்கலான சிகிச்சைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் நோயாளிகள் குறைவாக இருந்தால், வருகிற நல்ல நோயாளிகள் மேற்படிப்பு மாணவர்களுக்கே போய்விடுவார்கள். இதையும் கேண்டீனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு

இது என் இடம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் தங்கை குடும்பம் மயிலாடுதுறைப் பக்கம். மாப்பிள்ளைக்கு மளிகைக் கடை. மகளுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, தூரத்து மாவட்டத்தில் தனியார் இணைப்புக் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு, ஆண்டுக்கு இரண்டரை லட்சம். மற்றொன்று, இங்கே நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில் ஒரு நிகர்நிலை, ஆண்டுக்கு ஐந்து லட்சம். எங்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம். என் மனைவி அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டாள். மாப்பிள்ளை, "பிள்ளை கண் முன்னால் இருக்கட்டும் மச்சான். வீட்டுப் பத்திரத்தை வைத்துவிடலாம்" என்றார்.

நான் காகிதம் எடுத்துப் போட்டுக் காட்டிய கணக்கு இது. நாலு வருடத்துக்கு ஐந்து ஐந்து லட்சமாக 20 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலம் ஐந்து வருடம், அதற்குப் பிறகு ஒரு வருட அவகாசம், ஆக ஆறு வருடம் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான் போடுவார்கள். முதல் ஐந்து லட்சத்துக்கு ஆறு வருட வட்டி 3 லட்சம். இரண்டாவதுக்கு இரண்டரை, மூன்றாவதுக்கு இரண்டு, நான்காவதுக்கு ஒன்றரை. மொத்தம் 9 லட்சம். தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 29 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 38,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது கொடுத்தது 46 லட்சம்.

10 லட்சத்தில் முடிகிற கல்லூரி என்றால் இதெல்லாம் சரிபாதி. முழுவதையும் கடனாக வாங்கினாலும் மாதம் 19,200 ரூபாய்க்குள்.

மறுபக்கம் வரவு. தெரிந்த இளம் பல் டாக்டர்கள் நாலைந்து பேரிடம் விசாரித்தேன். படிப்பு முடித்த முதல் வருடம், இன்னொருவர் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தால், மாதம் பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை என்றார்கள். சொந்தக் கிளினிக் என்றால் நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே, வாடகை முன்பணம் என்று புதிதாக இன்னொரு முதலீடு. எம்.டி.எஸ். போனால் இன்னும் மூன்று வருடம். மாதம் 38,000 தவணையை அந்தப் பெண்ணால் தூக்க முடியாது. அது அப்பாவின் தலையில்தான் விழும். அப்போது மாப்பிள்ளைக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

நான் முடிவு சொல்லவில்லை. காகிதத்தை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். ராத்திரி வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில், "மாமா, நான் ஹாஸ்டலுக்கே போறேன். அப்பா வீட்டை எனக்காக வைக்க வேண்டாம்" என்றாள். 7.5 லட்சம் கடன், மீதி கையிலிருந்த சேமிப்பு. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது.

அவள் இழந்ததும் உண்டு. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிப் போனில் அழாத வாரம் இல்லை, முதல் ஆறு மாதத்தில். இங்கே இருந்த புதிய இயந்திரங்கள் அங்கே இல்லை. அந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். வீட்டில் நோயாளி இருந்து பிள்ளை அருகில் இருந்தே ஆக வேண்டும், பணமும் கையில் இருக்கிறது, அந்தக் கல்லூரியில் நோயாளிக் கூட்டமும் இருக்கிறது என்றால் நிகர்நிலையே சரியான தேர்வாக இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கில் விட்டுப்போகிறவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹாஸ்டல், மெஸ், பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம். பல் மருத்துவத்தில் இதோடு கருவிச் செலவும் உண்டு. கைக்கருவிகள், பல் குடையும் ஹேண்ட்பீஸ், பயிற்சிக்கான செயற்கைத் தாடை, பல்செட் கட்டும் சட்டம் எனப் பலவற்றை மாணவர்தான் வாங்க வேண்டும். எவை கல்லூரி கொடுக்கும், எவை நாம் வாங்க வேண்டும் என்று மூத்த மாணவரிடம் பட்டியல் கேளுங்கள். முந்தின வருடத்துப் பிள்ளைகள் பாதி விலைக்குக் கொடுப்பதும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் கூடுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடன் வாங்குகிறவர்களுக்கு

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை நம் பங்குத் தொகை தேவையில்லை. அதற்கு மேல், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நாம் போட வேண்டும். 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். அதைத் தாண்டினால்தான் வீடு, வைப்புத்தொகை என்று பிணை வரும். அதனால் 8 லட்சம் தேவைப்படுகிறவர், எப்படியாவது அரை லட்சத்தைப் புரட்டிக்கொண்டு 7.5-இல் நிறுத்துவது புத்திசாலித்தனம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் இடம்பெற்ற, அரசு பட்டியலிட்ட நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்காத காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. நீங்கள் பார்க்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன் பாருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதாக இருந்தால் வங்கி வேறு விதமாகப் பார்க்கும். சீட்டை உறுதி செய்யும் முன்பே கிளையில் போய்ப் பேசிவிடுங்கள். சேர்ந்த பிறகு கடன் கிடைக்கவில்லை என்று மேஜை முன் நின்று கண் கலங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் படிக்கும் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். மேலே சொன்ன 20 லட்சக் கணக்கில் அப்படிக் கட்டியிருந்தால் தவணை 38,300-க்குப் பதில் 26,400 ஆகிவிடும். கட்டும் வட்டிக்கு, பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு. அதற்கு உச்சவரம்பு கிடையாது.

கலந்தாய்வில் கவனிக்க

மாநிலக் கலந்தாய்வுக்குத் தனி விண்ணப்பம், எம்.சி.சி.க்குத் தனிப் பதிவு. ஒன்றில் பதிந்தால் மற்றதிலும் பதிந்ததாக ஆகாது. நிகர்நிலைக்கு எம்.சி.சி.யில் 2 லட்சம் ரூபாய் முன்வைப்பு கட்ட வேண்டும். அது திரும்பக் கிடைக்கும் தொகை. எந்தச் சுற்றில் இடத்தை விட்டால் பணம் போகும், எந்தச் சுற்றில் சேர்ந்தால் மற்றக் கலந்தாய்வுக்குப் போக முடியாது என்பதெல்லாம் அந்த வருடத் தகவல் தொகுப்பேட்டில் இருக்கும். விதி வருடத்துக்கு வருடம் மாறுவதால், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வைத்து நடக்காதீர்கள். படிப்பைப் பாதியில் விட்டால் கட்ட வேண்டிய அபராதமும் அதில்தான் இருக்கும்.

விருப்பப் பட்டியல் போடும்போது, "இது எங்கே கிடைக்கப் போகிறது" என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். உங்கள் மதிப்பெண்ணுக்கு, உங்கள் பட்டியலில் மேலிருந்து எது காலியாக இருக்கிறதோ அதைத்தான் கணினி கொடுக்கும். உண்மையிலேயே விரும்பும் வரிசையில் போடுங்கள். கிடைத்தாலும் போகமாட்டோம் என்கிற கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். போன வருடம் எந்த மதிப்பெண்ணுக்கு எந்த இடம் போனது என்று தேர்வுக் குழுவின் தளத்திலேயே பார்க்கலாம்.

சான்றிதழ் அசலைக் கல்லூரியில் கொடுக்கும் முன் ஸ்கேன் எடுத்து, சான்றொப்பமிட்ட நகல் நான்கு வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

தரவரிசையும் ஏஜெண்டும்

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பல் மருத்துவத்துக்கு 2020 முதல் தனிப் பட்டியல் வருகிறது. பயனுள்ளதுதான். ஆனால் அதில் ஆய்வுக் கட்டுரைகளுக்கும், கல்வி வட்டாரத்தில் உள்ள பெயருக்கும் மதிப்பெண் உண்டு. உங்கள் மகன் எத்தனை பல்லைத் தன் கையால் அடைப்பான் என்பது அதில் இல்லை. நாலைந்து கல்லூரிகளைச் சலித்தெடுக்க அதைப் பயன்படுத்துங்கள். கடைசி முடிவுக்குக் காலால் நடந்துபோய்ப் பாருங்கள்.

நீட் முடிவு வந்த மறுநாளே போன் வரும். "சார், சீட் ரெடி. இன்றைக்கே ஒரு லட்சம் போட்டால் பிளாக் பண்ணிடலாம்" என்பார்கள். கலந்தாய்வுக்கு வெளியே பி.டி.எஸ். இடம் கிடையாது. நன்கொடை வாங்குவது நம் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனி நபர் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். கட்டணம் கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும், ரசீதோடு. அனுப்பிவிட்டால் வங்கியால் திரும்ப எடுத்துத் தர முடிவது அபூர்வம். அதை எத்தனையோ பேரிடம் கவுண்டரில் சொல்லியிருக்கிறேன்.

பெற்றோர்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டணக் காகிதத்தைப் பிள்ளையிடமிருந்து மறைக்காதீர்கள். "நீ படி, பணத்தைப் பற்றி உனக்கென்ன" என்று நாம் பாசத்தில் சொல்கிறோம். பதினெட்டு வயதில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போவது அந்தப் பிள்ளைதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போடட்டும்.

இந்தக் கலந்தாய்வு முடியும் வரை சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை நம் சங்க நூலக அறையில் இருப்பேன். நீட் மதிப்பெண் அட்டை, கல்லூரிகள் கொடுத்த கட்டணப் பட்டியல், வருமானச் சான்று மூன்றையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடலாம். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.